பல்லில் வெண்திட்டு: காரணம் கேட்காமலே தொடங்கிய சிகிச்சை

பல்வரிசையைச் சீராக்கப் போட்டிருந்த கிளிப்பை இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கழற்றியபோது, மேல்வரிசை முன்பற்கள் நான்கில், கிளிப் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சட்டம் போட்டாற்போல் சுண்ணாம்பு நிறத்தில் திட்டுகள் இருந்தன. அவற்றைப் போக்குவதற்காக வேறொரு பல் மருத்துவமனைக்குச் சென்று ஏமாந்தேன். இதே திட்டுகளோடு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு உட்காரட்டும்.

அங்கிருந்த மருத்துவர் என் பற்களைப் பார்த்தது இரண்டு நிமிடம் இருக்கும். திட்டுகள் எப்போது வந்தன, முன்பு கிளிப் போட்டிருந்தேனா என்று எதையும் கேட்கவில்லை. “பிளீச்சிங் செய்தால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும்” என்றார். முடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிந்த திட்டுகள் எட்ட நின்றாலும் தெரியும்படி பளிச்சென்று இருந்தன. பிளீச்சிங்கில் பல்லின் ஈரம் வற்றுவதால் திட்டுகள் சில நாள் எடுப்பாகத் தெரிவது வழக்கம்தான். ஆனால் அதை அவர் முன்கூட்டிச் சொல்லவும் இல்லை, அது தணியும்வரை என்னைப் பொறுத்திருக்கச் சொல்லவும் இல்லை. “உங்கள் பல்லுக்கு இது ஒத்துவரவில்லை, வெனீர்தான் ஒரே வழி” என்று, பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓடான அந்த வெனீருக்காக அடுத்த வாரமே இரண்டு பற்களின் முன்பக்கத்தைச் சீவிவிட்டார். சீவுவது அரை மில்லிமீட்டர் அளவே என்றாலும் போன எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) மறுபடி வளராது என்பதையும், வெனீர் ஆயுள் முழுக்க நிற்காது, சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டிவரும் என்பதையும் பிறகு வேறொருவர் வாயால்தான் அறிந்தேன். நான் கையெழுத்திட்ட தாளில் இவை இருந்திருக்கலாம். படிக்காமல் கையெழுத்திட்டது என் பிழை.

மீதி இரண்டு பற்களைச் சீவுவதற்கு முன் இன்னொரு மருத்துவரிடம் காட்டினேன். அவர் முதலில் கேள்விகளைக் கேட்டார். பிறகு பற்கள் ஈரமாக இருக்கும்போது ஒருமுறையும், காற்றடித்து உலர்த்தியபின் ஒருமுறையும் பார்த்தார். உலர்ந்தால் மட்டும் தெரியும் திட்டு மேலோட்டமானது, ஈரத்திலும் தெரிந்தால் சற்று ஆழமானது என்று விளக்கினார். சிறுவயதில் உடலில் சேர்ந்த மிகையான ஃபுளோரைடால் வரும் திட்டுகள் பெரும்பாலும் இருபுறமும் ஒரே மாதிரி பல பற்களில் இருக்கும். ஒற்றைப் பல்லில் மட்டும் இருந்தால் பால்பல்லில் பட்ட அடியும் காரணமாகலாம். என்னுடையதோ, கிளிப்பைச் சுற்றிப் படிந்த அழுக்கிலிருந்த கிருமிகளின் அமிலம் எனாமலின் தாதுக்களை அரித்ததால் வந்த, சொத்தையின் முதல் படி. இப்படிப்பட்ட திட்டு, சுத்தமாகத் துலக்கி ஃபுளோரைடு பற்பசை பயன்படுத்தினால், உமிழ்நீரின் உதவியால் சில மாதங்களில் ஓரளவு தானே மங்கக்கூடும் என்பதால் அவர் என்னைக் காத்திருக்கச் சொன்னார்.

பிறகும் எஞ்சியதற்கு, அரிப்பால் எனாமலில் உண்டான நுண்துளைகளை ரெசின் என்ற பிசினால் நிரப்பும் ரெசின் ஊடுருவல் சிகிச்சை செய்தார். 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலக் களிம்பை இரண்டு நிமிடம் வைத்துக் கழுவி, ஆல்கஹால் தடவி உலர்த்தி, நீர்போல் ஓடும் ரெசினை அந்தத் துளைகளுக்குள் இறக்கி, ஒளி காட்டி இறுக வைப்பது இதன் முறை. எனாமலின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறக்குறைய 1.62, துளைகளில் காற்று (1.0) இருந்தால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரியும், 1.5-ஐ ஒட்டிய ரெசின் நிரம்பினால் சிதறல் குறைந்துவிடும். ஆல்கஹால் பட்டதுமே திட்டு மங்குவதைக் கண்ணாடியில் காட்டி, “முடிவு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்” என்றார். ஊசியும் இல்லை, பல்லைச் சீவவும் இல்லை. இதே பல்தான் சீவலுக்குக் காத்திருந்தது என்று நினைத்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

பழைய மருத்துவமனையில் என் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு வாங்கினேன். சிகிச்சைக்கு ‘முன்’ என்ற படத்தில் நான்கு பற்களும் காற்றடித்து உலர்ந்திருக்கின்றன; ‘பின்’ என்ற படத்தில் எச்சில் ஈரம் மின்னுகிறது. அதில், அவர் சீவாமல் விட்ட இரண்டு பற்களிலும்கூடத் திட்டு மங்கலாகத்தான் தெரிகிறது.