மகசின் ‘கிளிக்’ என்று பூட்டினால் போதாது: திருமலையில் லைசன்ஸ் பிஸ்டல் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கொழும்பில் துவக்குச் சாமான் விற்கும் ஒருவர் சீ.இசட். 75 பி பிஸ்டலுக்கு 15 ரவை பிடிக்கும் மகசின்கள் என்று சொல்லி நாலை விற்றார். “ஒரிஜினல், கொம்பனிச் சாமான்” என்பது அவர் வாய்ப்பேச்சு. நாலில் மூன்று ரவையை ஒழுங்காக ஊட்டவில்லை. திருப்பிக் கேட்டபோது “மகசினில் பிழை இல்லை, துவக்கில்தான் பிழை” என்று தனக்குத் தெரிந்த திருத்துநரிடம் அனுப்பினார். அந்த ஆள் நன்றாக இருந்த துவக்கையும் கெடுத்துக் கையில் தந்தார். மகசினின் விலையைவிடத் திருத்தக் கூலி கூட. இதே கையால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் சாமான் வந்திருக்கிறது என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறோம்.

ஏமாற்று நடக்கும் விதம் எளிது. விற்பவர் வெறும் மகசினை எடுத்துப் பிடிக்குள் செருகுகிறார். ‘கிளிக்’ என்று பூட்டுகிறது. ஸ்லைடை (துவக்கின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) இழுக்கிறார், பின்னால் நிற்கிறது. பொத்தானை அமத்தினால் மகசின் கீழே விழுகிறது. “பாத்தீங்களோ, அச்சொட்டாப் பொருந்துது!” என்கிறார். இதில் நிரூபணமானது ஒன்றுதான்: மகசினின் பக்கத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் துவக்கின் பூட்டு விழுகிறது. ரவை எந்த உயரத்தில் நிற்கிறது, எந்தக் கோணத்தில் மூக்கை நீட்டுகிறது, மகசின் வாயில் ரவையைப் பிடித்திருக்கும் மேல் உதடுகள் அதை எந்த இடத்தில் விடுகின்றன, ஸ்பிரிங் அடுத்த ரவையை வேளைக்கு மேலே தள்ளுகிறதா என்பதில் ஒன்றையும் அந்தச் சத்தம் சொல்லாது. விழுவதும் விழாததும்கூட அளவுகோல் அல்ல. பழைய சீ.இசட். 75 களில் மகசின் தானாக விழாமல் இருக்கவென்றே பிடிக்குள் ஒரு தகட்டு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரிஜினல் மகசினையும் கையால்தான் இழுத்தெடுக்க வேண்டும்.

அந்த மூன்று மகசின்களையும் துவக்கோடு வந்த மகசினுக்குப் பக்கத்தில் வைத்து வேர்னியரால் அளந்தபோது கண்டது இது. பூட்டு விழும் பள்ளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக மேலே, உதட்டுப் பக்கமாக வெட்டப்பட்டிருந்தது. பள்ளம் மேலே போனால் மகசின் முழுவதும் துவக்குக்குள் அவ்வளவுக்குக் கீழே இறங்கி நிற்கும். ரவையின் அடியும் இறங்கும். ஸ்லைட் முன்னே ஓடிவரும்போது அடிவிளிம்பின் மேல்நுனியை மட்டும் உரசிக்கொண்டு போகும், சில வேளை முழுதாகத் தாண்டியே போய்விடும். உதடுகளின் இடைவெளி முன்பக்கம் ஓர் அளவு, பின்பக்கம் வேறு அளவு. ஒரு மகசினில் இடது உதடு வலதைவிட வெளியே சாய்ந்திருந்தது. உட்புறம் பின்சுவரில் ஒட்டுத் தழும்பு உயர்ந்து நின்றது, விரல் நுனியை விட்டால் தட்டுப்படும். ஸ்பிரிங்கின் மேலே ரவையைத் தாங்கும் ஃபாலோவரின் ஓரத்தில் அச்சில் மிஞ்சிய பிளாஸ்டிக் பிசிறு. ஸ்பிரிங்கில் ஒரிஜினலைவிட இரண்டு சுற்றுக் குறைவு. மகசின் உடலில் செய்தவரின் பெயரோ குறியோ எங்கும் இல்லை. சீ.இசட்., பெரெட்டா போன்ற பிஸ்டல்களுக்கு இத்தாலியின் மெக்-கார் கொம்பனி செய்யும் மகசின்கள் நம்பத்தக்கவை. அவற்றின் உடலிலேயே பெயர் பொறித்திருக்கும். பெட்டியில் மட்டும் பெயர் இருந்து உடலில் வெறுமையாக இருந்தால் வாங்க வேண்டாம்.

கடையிலேயே செய்யக்கூடிய இன்னொரு பரீட்சை உண்டு. டம்மி ரவை (மருந்து இல்லாத போலி ரவை) கொண்டுபோய்ச் சொன்ன எண்ணிக்கை முழுவதையும் நிரப்புங்கள். நிரப்பிய பின் மேல் ரவையைப் பெருவிரலால் அமத்தினால் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்க வேண்டும். அசையாமல் கல்லுப்போல் நின்றால், ஸ்லைட் மூடியிருக்கும்போது நிரம்பிய மகசின் பூட்டாது, அல்லது பூட்டியதுபோல் நின்று முதல் சூட்டோடு கீழே நழுவும். விற்பவர் ஐந்து ரவை மட்டும் போட்டுக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். பூட்டிய பிறகு அடித்தட்டைப் பிடித்துக் கீழே பலமாக இழுத்தும் பாருங்கள்.

இப்போது திருத்தக் கதைக்கு வருவோம், ஏனென்றால் கூடிய சேதம் அங்கேதான். திருத்துநர் மூன்று வேலை செய்தார்: சேம்பருக்கு (சுடும்போது ரவை நிற்கும் குழலடி அறை) முன்னால் ரவை ஏறும் சரிவை எமரித் தாளால் தேய்த்துப் ‘பொலிஷ்’ பண்ணினார், ஸ்லைடை முன்னே தள்ளும் ரீகொயில் ஸ்பிரிங்கைப் பலமானதாக மாற்றினார், மகசின் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டினார். மூன்றும் பிழை.

சரிவைத் துணியும் பொலிஷ் பசையும் வைத்து மினுக்குவது ஒன்று, உலோகத்தைத் தின்னத் தேய்ப்பது வேறொன்று. சரிவு சேம்பருக்குள் ஆழமாகப் போய்விட்டால், ரவைக் கோதின் அடிப்பகுதிக்குக் கீழே தாங்கும் உலோகம் குறையும். சுடும்போது அந்த இடத்தில் கோது வீங்கும், மோசமானால் கிழிந்து வாயு மகசின் வழியே கையை நோக்கி வெடிக்கும். தேய்த்த உலோகத்தைத் திரும்ப வைக்க ஒருவராலும் முடியாது, பரல் (குழல்) மாற்றுவதுதான் வழி. சுட்ட கோதுகளைப் பொறுக்கி அடியைப் பாருங்கள்: அடிவிளிம்புக்குச் சற்று மேலே ஒரு பக்கம் மட்டும் தொப்பை தள்ளியிருந்தால் அந்தத் துவக்கை மேலும் சுடாதீர்கள்.

ரீகொயில் ஸ்பிரிங்கைப் பலமாக்கினால் ஸ்லைட் வேகமாக முன்னே வரும். மகசின் ஸ்பிரிங் ஏற்கனவே சோர்ந்திருந்தால் ரவை மேலே ஏறி நிற்க முன்பே ஸ்லைட் அதைக் கடந்துவிடும். ஊட்டாத துவக்குக்கு இந்த மருந்து நோயைக் கூட்டும். பலம் குறைந்த ரவையென்றால் ஸ்லைட் முழுத்தூரம் பின்னே போகவும் மாட்டாது. ஒவ்வொரு துவக்குக்கும் கொம்பனி வைத்த பலம் உண்டு. 1911 மாதிரி .45 க்கு 16 பவுண்ட், குளொக் 17 க்கு 17 பவுண்ட். காரணம் சொல்லாமல் அதை மாற்றுகிறவருக்கு வேலை தெரியாது. நீட்டிய ஸ்பிரிங்கும் அப்படித்தான்: சில நாள் வேலை செய்யும், பிறகு முன்னையதைவிடக் கேடாகச் சோரும். மகசின் ஸ்பிரிங் சோர்ந்தால் புதிது போட வேண்டும், வேறு வைத்தியம் இல்லை. நிரப்பி வைத்திருப்பதால் மட்டும் நல்ல ஸ்பிரிங் செத்துவிடாது. நிரப்பி வெறுமையாக்கி, நிரப்பி வெறுமையாக்கித்தான் அது தேயும்.

யாரிடமும் காசைக் கொடுக்க முதல் பிழை மகசினிலா துவக்கிலா என்று நீங்களே பிரித்துவிடலாம். முதலில் மகசினை வெளியே எடுங்கள், அதன் பிறகுதான் ஸ்லைடை இழுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் சேம்பருக்குள் அடுத்த ரவை ஏறிவிடும். கண்ணாலும் விரலாலும் சேம்பரைப் பாருங்கள். உண்மை ரவை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. ஒவ்வொரு மகசினின் அடித்தட்டிலும் மாயாத மையால் இலக்கம் எழுதுங்கள். டம்மி ரவையை முழுக்க நிரப்பி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து முழு வேகத்தில் விடுங்கள். கையோடு மெதுவாகக் கொண்டுபோனால் நல்ல துவக்கும் சிக்கும். எந்த மகசினில், எத்தனையாவது ரவையில் சிக்கியது என்று குறித்துக்கொண்டே போங்கள். பிழை ஒரே இலக்கத்தைப் பின்தொடர்ந்தால் மகசின். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வந்தால் துவக்கு அல்லது ரவை. உண்மை ரவையோடு பார்ப்பது அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும்.

சிக்கியதும் அவசரப்பட்டுத் தட்டி விடுவிக்காதீர்கள். விரலை விசையிலிருந்து எடுத்து, குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி, ரவை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மூக்குக் கீழே குத்திச் சரிவின் அடியில் முட்டி நின்றால் மகசின் தாழ்வாக நிற்கிறது, அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது ஃபாலோவர் முன்பக்கம் சாய்கிறது. ஸ்பிரிங்கைக் கழற்றித் தலைகீழாகவோ முன்பின்னாகவோ போட்டாலும் இதே கோலம்தான், ஆகையால் கழற்ற முதல் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். மூக்கு மேலே எழும்பிச் சேம்பரின் கூரையில் முட்டினால் உதடுகள் ரவையை வேளைக்கு முன்பே விடுகின்றன, அல்லது கோதை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் இறுக்கம் கூடி அடிவிளிம்பு அதற்குக் கீழே வழுக்கி ஏற மறுக்கிறது. நிரம்பிய மகசினின் முதல் ரவை மட்டும் சிக்கினால் உள்ளே நெருக்கம். கடைசி ஒன்றிரண்டு மட்டும் சிக்கினாலோ, கடைசி ரவைக்குப் பிறகு ஸ்லைட் பின்னால் நிற்காவிட்டாலோ ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள், பெருவிரல் ஸ்லைடை நிறுத்தும் லீவரில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் கோது வெளியேறும் வாசலில் குத்திட்டு நிற்பது ஊட்டற் பிழையே அல்ல, வெளித்தள்ளும் பிழை. அதற்குப் புது மகசின் விற்க வந்தால் அவரை விட்டுவிடுங்கள். ஸ்லைட் மூட இரண்டு மில்லிமீட்டர் மிச்சம் நின்றால் சேம்பர் அழுக்கு, சோர்ந்த ரீகொயில் ஸ்பிரிங், அல்லது நீளம் கூடிய ரவை. 9 மி.மீ. ரவையின் மொத்த நீளம் 29.69 மி.மீ. ஐத் தாண்டக் கூடாது.

‘எல்லாவற்றுக்கும் போகும்’ என்ற பேச்சுக்கு ஒரு சொல். குளொக் 17 இன் மகசின் குளொக் 19 இல் வேலை செய்யும், அடி கொஞ்சம் வெளியே நீளும். 19 இன் மகசின் 17 க்குள் பூட்டாது, கட்டை. நாலாம் தலைமுறையிலிருந்து குளொக்கின் மகசின் பூட்டை மறுபக்கம் மாற்றலாம். அப்படி மாற்றிய துவக்கில், ஒரு பக்கம் மட்டும் பள்ளம் உள்ள பழைய மகசின் நிற்காது. .40 அங்குல ரவைக்கான மகசினில் 9 மி.மீ. ரவையைப் போட்டுக் காட்டி விற்பதும் நடக்கிறது: .40 ரவையின் அடிவிளிம்பு 10.8 மி.மீ. அளவு, 9 மி.மீ. ரவையுடையது 10 மி.மீ. க்கு மட்டுமட்டு. அகன்ற உதடுகளுக்குள் சிறிய ரவை ஆடி, உயரமும் கோணமும் மாறும். 9 மி.மீ. க்கு மாற்றிய ரஷ்ய டொகரேவ் வகைத் துவக்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். மூல ரவை 35 மி.மீ. நீளம் என்பதால் சில மாதிரிகளில் பிடிக்குள்ளே ஓர் இடைக்கட்டை உண்டு, சிலவற்றில் இல்லை. கட்டை உள்ளதா என்று பார்க்காமல் மகசின் வாங்கக் கூடாது. பழைய பிரவுனிங் ஹைபவர் உருண்டை மூக்கு ரவைக்கென்று செய்த துவக்கு, தட்டை மூக்கு ரவையில் சிக்கினால் மகசினைக் குற்றம் சொல்ல முடியாது.

விற்றவரின் கடைசிச் சாட்டு, “உங்கட திருமலை உப்புக்காத்துத்தான் காரணம்” என்பது. அதே காற்றில், அதே அலுமாரியில், துவக்கோடு வந்த மகசின் பிசகாமல் வேலை செய்கிறது. காற்றுக்கும் மணலுக்கும் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஈராக் போரின்போது அமெரிக்கப் படையினரின் எம்9 (பெரெட்டா) பிஸ்டல்கள் நுண்மணலில் சிக்கியதற்கு, ஒப்பந்தத்தில் வாங்கிய மகசின்களின் சொரசொரப்பான பூச்சு ஒரு காரணமாகக் காணப்பட்டது. பிறகு வழுவழுப்பான பூச்சுள்ள மகசின்கள் வந்தன. கச்சான் வீசும் மாதங்களில் சாம்பல்தீவுப் பக்கம் பறக்கும் பொடிமணலுக்கு இது நேரே பொருந்தும். ஆகவே மகசினின் உள்ளே எண்ணெய் ஊற்றாதீர்கள், எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அரைக்கும் பசைதான். கழற்றி, உலர்ந்த துணியால் உள்ளே துடைத்து, வெளியே மட்டும் எண்ணெய் தோய்ந்த துணியால் ஒரு தடவல் போதும். வாடைக்கால ஈரத்தில் தோல் உறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இனி வாங்குபவர்கள் அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் மட்டும், உங்கள் அனுமதிப்பத்திரத்தில் உள்ள அதே மாதிரிக்கு வாங்குங்கள். பற்றுச்சீட்டில் செய்த கொம்பனி, மாதிரி, ரவை எண்ணிக்கை, “ஊட்டாவிட்டால் மாற்றித் தரப்படும்” என்ற வரி நாலும் இருக்க வேண்டும். “மகசின் - 4” என்று மட்டும் எழுதித் தந்தால் பிறகு வாதாட இடமில்லை. திருத்தக் கொடுக்கும்போது என்ன வேலை என்று எழுதி வாங்கி, கழற்றிய பழைய உதிரிகளைத் திருப்பிக் கேளுங்கள். உதட்டைக் குறட்டால் வளைக்கவோ, சரிவைத் தேய்க்கவோ உங்களைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது என்று அந்தத் துண்டிலேயே எழுதுங்கள். ஏமாந்துவிட்டால், மகசினைத் திருத்திப் பார்க்காமல் வந்தபடியே வைத்து, ஒரிஜினலோடு பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, பற்றுச்சீட்டுப் பிரதியோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. துவக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போக வேண்டாம், மகசினையும் சீட்டையும் மட்டும் கொண்டுபோங்கள்.