குஷிங் வந்த நாய்க்கு வீட்டுச் சோறா, பாக்கெட் தீனியா?

குஷிங் என்றால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்துபோகும் நோய். அது வந்த நாய்க்குப் பசி அடங்காது. காலித் தட்டை நக்கிக்கொண்டே இருக்கும், ராத்திரி மூச்சிரைக்க உலாத்தும். திட்டாதீர்கள், பாவம்.

செலவு: தஞ்சாவூர்ப் பக்கம் வீட்டுச் சோறுதான் மலிவு.

கொழுப்பு: பாக்கெட்டில் அளவு அச்சிட்டிருக்கும், குறைந்ததாகப் பார்த்து வாங்கலாம். வீட்டில் என்றால் தோல் நீக்கிய கோழியை உப்பில்லாமல் வேகவைத்து, கொஞ்சம் சோறும் பூசணியும் சேர்த்துப் பிசையுங்கள். மீன்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். உப்பும் வெங்காயமும் கெடுதல்.

சத்து: வீட்டுச் சோற்றில் கால்சியம் குறையும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டு அதைச் சேர்த்துக் கொடுங்கள்.

தவிப்பு: எதுவானாலும் சிறுசிறு வேளையாக, தினமும் அதே நேரத்தில் கொடுங்கள். குஷிங்குக்குத் தரும் ட்ரைலோஸ்டேன் மருந்து சாப்பாட்டோடுதான். தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

தினம் சமைக்க ஆள் இருந்தால் வீட்டுச் சோறு; நடவு, அறுப்பு என்று வயலிலேயே கிடப்பவர்களுக்குப் பாக்கெட்.