பையில் 22, ஆய்வில் 13: மாட்டுத் தீவனத்தில் போன என் 18,600 ரூபாய்

நேற்றுதான் ஆய்வக அறிக்கை கைக்கு வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு கறவை மாடு வைத்திருக்கிறேன். போன மாதம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தீவனக் கடையில் 12 மூட்டை கலப்புத் தீவனம் வாங்கினேன். மூட்டை 1,550, மொத்தம் 18,600 ரூபாய். பையில் கொட்டை எழுத்தில் ‘புரதம் 22%’ என்று இருந்தது. ஆனால் நான் விழுந்தது அதில் அல்ல. கடைக்காரர் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி, தன் வாயில் போட்டு மென்றார். “நான் திங்காததை உங்க மாட்டுக்குக் குடுப்பனுங்களா தம்பி?” அவ்வளவுதான், பர்ஸைத் திறந்துவிட்டேன். இரண்டு கிலோ தாது உப்பு வேறு சும்மா கொடுத்தார். பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜி.எஸ்.டி. சேருமுங்க, உங்களுக்குத்தான் நட்டம்” என்றார். மாட்டுத் தீவனத்துக்கு ஜி.எஸ்.டி.யே கிடையாது! அது எனக்குத் தெரிந்தது 18,600 ரூபாயை ஜிபேயில் அனுப்பிய பிறகு.

பத்து நாளில் பால் 26 லிட்டரிலிருந்து 19-க்கு வந்தது. எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) இறங்கிவிட்டது என்று பால் சொசைட்டியில் விலையையும் குறைத்தார்கள். தீவனத்தைத் தண்ணீரில் கரைத்தால் மேலே உமி மிதக்கிறது, அடியில் மணல் படிகிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு மாதிரி கொடுத்தேன். புரதம் 13 சதவீதம்தான்.

கடைக்குப் போனால், “வெயிலுங்க தம்பி, எல்லா மாடும் பால் குறையற நேரம்.” அடுத்த முறை, “கம்பெனி மூட்டையைத்தான் வித்தேன், உள்ளே என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்?” வாயில் போட்டு மென்றவர் சொல்கிற பேச்சு இது. பையில் இருந்த கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டால், “உங்க ஊர் டீலரைக் கேளுங்க.” உணவுப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றில், “மாட்டுத் தீவனம் எங்க சட்டத்துல வராது” என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

தட்டிக் கழிக்கிறார்கள் என்று நினைத்தேன். சட்டம் படிக்கும் என் அக்கா மகள் எடுத்துக் காட்டினாள்: 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘உணவு’ என்பதற்கான விளக்கத்திலேயே கால்நடைத் தீவனம் சேராது என்று எழுதியிருக்கிறது. அப்புறம் அவள் காட்டியதுதான் வயிற்றெரிச்சல். அதற்குச் சரியாக நூறு வருடம் முன்னால், 1906 ஜூன் 30 அன்று, அமெரிக்காவில் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட தூய உணவுச் சட்டத்தில், மனிதரோ மற்ற விலங்குகளோ உண்பது எல்லாமே உணவு! மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு அந்தச் சட்டம். அந்தக் காலத்தில் ஹார்வி வைலி என்ற வேதியியலாளர் தலைமையிலான அரசு வேதியியல் துறை மூட்டையைப் பிரித்துச் சோதிக்கும். சீட்டில் போட்ட புரதம் உள்ளே இல்லையென்றால் அரசு வழக்கறிஞர் வழக்குப் போடுவார். பருத்திக்கொட்டைப் புண்ணாக்குத் தூள் விற்றவர்கள் இப்படி நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள். “கம்பெனி மூட்டை” என்ற சாக்குக்கும் அதில் வழி வைத்திருந்தார்கள்: சரக்கு கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ உத்தரவாதத்தைக் காட்டினால் கடைக்காரர் தப்பலாம், வழக்கு உத்தரவாதம் கொடுத்தவர் மேல் திரும்பும். முதல் குற்றத்துக்கு அபராதம் 200 டாலருக்கு மேல் கிடையாது, சரிதான். ஆனால் தீர்ப்பை அரசே பெயர் போட்டு அச்சிட்டு வெளியிடும். நானோ இங்கே கடையின் பெயரைக்கூட எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். கையில் பில் இல்லையே!

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கறவைக்கு நேரமாகிவிட்டது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். முதலில் ஒரே மூட்டை வாங்கித் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். யூரியா கலந்தால் ஆய்வில் புரதம் கூடுதலாகக் காட்டும், அதையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மூட்டையாவது தையல் பிரிக்காமல் வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. பிழைப்புக்காக மாடு வளர்ப்பவரும் நுகர்வோர்தான், இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். நான் பணம் அனுப்பிய ஜிபே ரசீதை வைத்து நாளை போடப்போகிறேன்.

எட்டு மூட்டை தையல் பிரிக்காமல் தொழுவத்தில் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளச் சொன்னால், “பிரிச்ச மூட்டைக்கும் சேர்த்து வண்டி வாடகை நீங்க குடுத்துடுங்க” என்கிறார்.