ஒரே உரையில் இரண்டு வழிகள்: எய்ட்ஸ் மருந்தும் ஈராக் போரும்

2003 ஜனவரி 28 இரவு அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதிபர் ஜார்ஜ் புஷ் ஆற்றிய ஆண்டு உரையில் இரண்டு பெரிய விஷயங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் எய்ட்ஸை எதிர்க்க ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் தரப்போவதாகச் சொன்னார். ஈராக் அதிபர் சதாம் உசேன் பேரழிவு ஆயுதங்களைக் கைவிடாவிட்டால் படையோடு போய்ப் பறிப்போம் என்றும் அதே உரையில் எச்சரித்தார். மார்ச் மாதம் ஈராக்கில் குண்டுகள் விழுந்தன. மே மாதம் எய்ட்ஸ் திட்டம் சட்டமானது. பெப்ஃபார் என்று உலகம் இன்று அழைப்பது அதைத்தான்.

மனிதாபிமான உதவியா, படைபலமா என்ற வாதம் பெரும்பாலும் மனசாட்சி ஒரு பக்கம், யதார்த்தம் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றுவிடுகிறது. ஒரே அதிபர் ஒரே ஆண்டில் தொடங்கிய இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஒரு வித்தியாசம்தான் முதலில் கண்ணில் படுகிறது. இரண்டுமே மோசமான தவறுகளோடுதான் தொடங்கின. ஒன்றில் தவறைத் திருத்த முடிந்தது, மற்றொன்றில் முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை, எந்த வழி என்று முடிவெடுக்கும்போது மற்ற எல்லாவற்றையும்விட எடை போட வேண்டியது இதைத்தான்.

முதலில் மருந்து. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய 3 கோடிப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது, மருந்து கிடைப்பதோ வெறும் 50,000 பேருக்கு என்று அந்த உரையிலேயே புஷ் சொன்னார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2001-இல், மும்பையின் சிப்லா மருந்து நிறுவனம் மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்திருந்தது. பணக்கார நாடுகளில் அதே சிகிச்சைக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றையும் ஒரே மாத்திரையில் அடக்கிவிட்டார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, அவ்வளவுதான். கடிகாரமும் குளிர்பதனப் பெட்டியும் இல்லாத வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பெப்ஃபார் இந்த மாத்திரையை உடனே வாங்கவில்லை. திட்டத்தின் முதல் தலைவராக வந்த ராண்டல் டோபியாஸ், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் முன்னாள் தலைவர். உலக சுகாதார அமைப்பின் ஒப்புதல் போதாது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதலும் வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அதுவரை பிராண்டு மருந்தை அதிக விலைக்கு வாங்கினார்கள். தடுப்புப் பணிக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருமணம்வரை உடலுறவைத் தவிர்க்கச் சொல்லும் பிரசாரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. கணவனிடமிருந்தே தொற்று வந்த பெண்களுக்கு இந்தப் பிரசாரத்தால் என்ன பயன்?

ஆனால் விமர்சனம் வந்தது, அதற்குப் பலனும் இருந்தது. 2004-இல் ஜெனரிக் மருந்துகளுக்கு, அதாவது பிராண்டு மருந்தின் அதே சரக்கை வேறு நிறுவனங்கள் மலிவாகத் தயாரிப்பவற்றுக்கு, விரைவு ஒப்புதல் வழியைத் திறந்தார்கள். சில ஆண்டுகளிலேயே வாங்கிய மருந்துகளில் பெரும்பகுதி ஜெனரிக் ஆனது, அதுவும் பெருமளவு இந்தியாவில் தயாரானவை. மூன்றில் ஒரு பங்கு விதியை 2008-இல் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். இருபது ஆண்டுகளில் இந்தத் திட்டம் சுமார் 2.5 கோடி உயிர்களைக் காத்தது என்பது அமெரிக்க அரசின் கணக்கு. ஆன செலவு 11,000 கோடி டாலருக்குச் சற்று மேல்.

இப்போது ஈராக். பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்ற அடிப்படையே பொய்த்துப்போனது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2003 மே 23 அன்று, ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் ஒரே ஆணையில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் மாதம் அவர்கள் பாக்தாத்தில் அமெரிக்கத் தலைமையகத்தின் முன் கூடியபோது துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் உதவித்தொகை அறிவித்தார்கள். தவறு நடந்திருக்கிறது என்று ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிட்டது, ஆனால் கலைந்த ராணுவத்தைப் பழையபடி சேர்க்க வழியில்லை. பின்னாளில் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் தளபதிகளாக உருவெடுத்தவர்களில் பலர் சதாம் காலத்து அதிகாரிகள்தான்.

போருக்கு ஒதுக்கிய நேரடிச் செலவு மட்டும் சுமார் 80,000 கோடி டாலர். அமெரிக்க வீரர்கள் ஏறக்குறைய 4,500 பேர் இறந்தார்கள். வன்முறையில் இறந்த ஈராக் பொதுமக்கள், பதிவான கணக்கிலேயே, சுமார் 2 லட்சம் பேர்.

சரி, அப்படியானால் படையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். போஸ்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 முதல், போஸ்னிய செர்பியப் படைகள் முற்றுகையிட்ட தலைநகர் சரயேவோவுக்கு விமானம் விமானமாக உணவு போனது. முற்றுகை அப்படியே இருந்தது. 1995 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 ஆண்களையும் சிறுவர்களையும் கொன்றார்கள். ஆகஸ்ட் இறுதியில் நேட்டோ விமானங்கள் அந்தப் படைகளைத் தாக்கத் தொடங்கின, நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் அமைதி உடன்பாடு வந்தது. கொலைகாரன் ஆயுதத்தோடு வாசலில் நிற்கும்போது அரிசி மூட்டை யாரையும் காப்பாற்றாது. 2014-இல் ஈராக்கின் சிஞ்சார் மலையில் சிக்கிய யாசிதி சிறுபான்மை மக்களுக்கும் தண்ணீரோடு விமானத் தாக்குதலும் தேவைப்பட்டது. தரையில் வழி திறந்தவர்கள் சிரியாவின் குர்து போராளிகள். ஆனால் அங்கே கொல்ல வந்த ஐ.எஸ்., 2003-இல் விதைத்ததன் விளைச்சல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, நடந்துகொண்டிருக்கும் கொலையைத் தடுக்க, குறுகிய இலக்கோடு, படை. ஒரு நாட்டையே மாற்றியமைக்கப் படை என்றால் என் பதில் இல்லை.

உதவியின் பெரிய பலவீனம் வேறு. அது கொடுப்பவர் கையை நம்பியிருக்கிறது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்பின் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவி நின்றது, பல நாடுகளில் சிகிச்சை மையங்கள் பூட்டப்பட்டன. பிறகு எய்ட்ஸ் மருந்துக்கு விலக்கு தந்தாலும், மருந்தை நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் ஊழியர்களில் பலருக்கு அதற்குள் வேலை போயிருந்தது. இத்தனைக்கும் வெளிநாட்டு உதவி மொத்தமும் அமெரிக்க அரசின் பட்ஜெட்டில் அப்போது சுமார் 1 சதவீதம்தான்.

இதில் என்னை மிகவும் வருத்துவது மருந்து, போர் இரண்டையும் சட்டம் நடத்திய விதம். பெப்ஃபார் சட்டத்தை 2008, 2013, 2018 என ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2024-இல் ஒரே ஒரு ஆண்டு நீட்டித்தார்கள், அதுவும் 2025 மார்ச்சில் முடிந்தது. ஈராக் போருக்கு 2002-இல் நாடாளுமன்றம் தந்த அனுமதிக்கோ காலாவதித் தேதியே இருக்கவில்லை, 2025 டிசம்பரில்தான் அதை ரத்து செய்தார்கள். சதாம் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில் ஈரான் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்கா கொன்றதற்கும் அதே அனுமதியைத்தான் காரணம் காட்டினார்கள். போருக்கான அனுமதிதான் குறிப்பிட்ட காலத்தில் தானாகக் காலாவதியாகி, தொடர வேண்டுமானால் மறுபடி விவாதித்து வாக்களிக்கும் நிலை இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டிய ஒருவருக்குத் தரும் உறுதிமொழிக்கு அந்தக் கெடு தேவையில்லை.