பச்சோந்தி பகலில் கண்ணை மூடினால்: டிரிப்பரா, சிரிஞ்சா, ஊசியா?

பகலில் பச்சோந்தி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா? தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். நோயை மறைப்பதில் இது கெட்டிக்காரப் பிராணி. நோஞ்சான் என்று தெரிந்தால் பருந்தும் பாம்பும் சும்மா விடாது என்பதால், முடிந்த மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். நமக்குத் தெரியவரும்போது பாதி நேரம் போயிருக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஏமன் இனம். அம்மா வைத்த பெயர் பச்சையம்மா. (நம்மூர்ப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. வளர்க்கக் கூடாது, அடிபட்டுக் கிடந்தால் வனத்துறையிடம் கொடுக்க வேண்டும்.) போன ஜனவரியில், டொரண்டோ குளிருக்கு ஹீட்டர் ராப்பகலாக ஓடி வீட்டுக் காற்று அப்பளமாகக் காய்ந்திருந்த வாரம், கண் குழிந்துபோய்க் கூண்டின் அடிக்கிளையில் சுருண்டிருந்தாள். எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறம். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

தண்ணீர் உள்ளே போக என்னென்ன வழி என்று அன்று யோசித்தேன். கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. இலையில் உருளும் துளியை நக்கித்தான் பழக்கம். அதனால் டிரிப்பர்தான் இருப்பதிலேயே சாதுவான வழி. மேலே தொங்கும் டப்பாவிலிருந்து இலைமேல் சொட்டுச் சொட்டாக விழும், நம் கை அதன்மேல் படவே படாது. ஆனால் நக்குவதற்குத் தெம்பு வேண்டுமே.

அடுத்தது ஷவர். குளியலறையில் ஒரு செடியை வைத்து அதில் ஏற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைச் சுவரில் அடித்துச் சாரல் மட்டும் தெறிக்க விடுவார்கள். லேசாக வாடியிருக்கும் பிராணிக்கு நல்ல பலன் உண்டு. பிடி தளர்ந்ததற்கு வேண்டாம், விழுந்துவிடும். ஆமையைப்போல் தொட்டித் தண்ணீரில் ஊறவைப்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மரத்தில் வாழ்கிற பிராணிக்கு அது பயத்தை மட்டுமே தரும்.

சிரிஞ்சைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். வாயைத் திறந்து பார்த்தால், கீழ்த்தாடையில் மூச்சுக்குழல் வாய் கிட்டத்தட்ட முன்னாலேயே இருக்கிறது. அழுத்தி ஒரு மில்லி விட்டால் வயிற்றுக்குப் பதில் நுரையீரலுக்குப் போகலாம். நமக்குள்ள உதரவிதானம் ஊர்வனவற்றுக்குக் கிடையாது. புரையேறியதை நம்மைப்போல் இருமி வெளியே தள்ளவும் தெரியாது. அப்புறம் நிமோனியா. கால்சியம் குறைந்து எலும்பு மெலிந்திருந்தால், வாயைத் திறக்கும் அவசரத்தில் தாடையே வளைந்துவிடும். உதட்டோரம் ஒரு துளியை வைத்து, அது தானாக நக்குகிறதா என்று பார்க்கும் அளவுக்குத்தான் சிரிஞ்ச்.

நான் வைத்த துளி வழிந்து கழுத்தில் இறங்கியது. நாக்கு அசையவில்லை. சரி, இனி வீட்டு வைத்தியம் போதாது என்று முடிவு செய்தேன்.

டாக்டர் செய்தது பார்க்க எளிமையாகத்தான் இருந்தது: தோலுக்கடியில் உப்புநீர் ஊசி. வாய் வழியே போகாததால் புரையேறும் பயம் இல்லை. நாய், பூனை மட்டும் பார்க்கும் டாக்டராக இல்லாமல் ஊர்வன பார்த்துப் பழகியவராக இருக்க வேண்டும். செலவு, பச்சையம்மாவை வாங்கிய விலையைவிடப் பலமடங்கு. நாக்கு அசையாத பிராணிக்கு நான் இதைத்தான் சொல்வேன். நக்குகிற பிராணி என்றால் டிரிப்பரை வைத்துவிட்டு டாக்டரிடம் நேரம் வாங்கலாம்.

ஊட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சியை அரைத்துப் புகட்ட எனக்கும் கை பரபரத்தது. “முதல்ல தண்ணி, அப்புறம் சூடு, சாப்பாடு கடைசில” என்றார் டாக்டர். வெளிச்சூட்டை நம்பி வாழும் உடம்பு. கூண்டு குளிர்ந்து கிடந்தால் போட்டது வயிற்றிலேயே கெட்டுப்போகும். மருந்தும் சரியாக வேலை செய்யாது. கூண்டுக்குச் சூடு தரும் பல்புக்குக் கீழ் 29, 30 டிகிரி இருக்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னார். நாய்க்கு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைப் பாதியாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கால்சியத்திலும் இதே தகராறு: பவுடரா, யுவிபி எனும் புற ஊதாக் கதிர் தரும் பல்பா? பல்பு சரியில்லாமல் பவுடரை மட்டும் தூவினால், அதை உடம்பில் சேர்க்கத் தேவையான வைட்டமின் டி3 தோலில் உருவாகாது. கால்சியம் குறைந்து பச்சோந்தியின் விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டால் இரண்டையும் நம்பி உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். எங்கள் யுவிபி குழல்விளக்கு பளிச்சென்றுதான் எரிந்துகொண்டிருந்தது. வாங்கிப் பதினான்கு மாதம். வெளிச்சம் அப்படியே இருக்க, யுவிபி மட்டும் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் மங்கிவிடும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

மூன்று ஊசிக்குப் பிறகு, நான்காம் நாள் காலை ஒரு கண் திறந்தது. டிரிப்பருக்குக் கீழிருந்த இலையில் துளி திரண்டது. நாக்கு மெதுவாக வந்து அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.