"30 எக்ஸ்" லூப்பும் பாக்கெட் தராசும்: வெள்ளி ரூபாயில் பிழை பார்க்க எது உதவுகிறது?

விலை பாதியாகிவிட்டதாம், "30 எக்ஸ்" (30 மடங்கு) என்று பொறித்த அந்த மடக்கு லூப்பை, அதாவது கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கியை, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்களில் அச்சுப் பிழை பார்க்க நாலு வருடமாக என் கையில் இருப்பது அதே லூப்தான். கூடவே 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு ஒன்று. அவருக்குச் சொன்னது இதுதான்.

அந்த 30 சுத்தப் பொய். லூப்பின் குவியத் தூரத்தால் 250 மி.மீ.யை வகுத்தால் உருப்பெருக்கம் வந்துவிடும். 30 மடங்கு என்றால் லென்ஸைக் காசுக்கு 8 மி.மீ. கிட்டத்தில் பிடித்தால்தான் தெளிவாகத் தெரியும். இதில் 25 மி.மீ.யிலேயே தெரிகிறது, அதாவது 10 மடங்கு. காசு பார்க்க 10 மடங்கே தாராளம். அதை அப்படியே பொறித்துத் தொலைத்திருக்கலாம்.

ஆனால் ஆத்திரம் வருவது அதன் எல்.இ.டி. விளக்கால். லென்ஸை ஒட்டியே இருப்பதால் வெளிச்சம் நேர் மேலிருந்து கொட்டுகிறது. வெள்ளியில் அது பட்டதும் எழுத்தின் ஓரமெல்லாம் மினுங்கி, பக்கத்தில் இன்னொரு எழுத்து நிற்பது போலக் காட்டும். "டபுள் டை!" (அச்சிலேயே எழுத்து இரட்டித்த பிழை) என்று மனசு குதிக்கும். அந்த விளக்கை அணைத்துவிடுங்கள். மேசை விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்து, காசை மெல்லச் சுற்றுங்கள். அச்சிலேயே இரட்டை விழுந்திருந்தால் இரண்டாவது எழுத்தும் உருண்டு திரண்டிருக்கும், எழுத்தின் முனை பிளந்திருக்கும், எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாது. அடிக்கும்போது அச்சு ஆடியதால் வந்தது என்றால் ஓரத்தில் படிக்கட்டு போலத் தட்டையாக இருக்கும், எழுத்தும் இளைத்திருக்கும். இதற்குக் கூடுதல் விலை கேட்பவரிடம் கும்பிடு போட்டு வந்துவிடலாம்.

கோடு தெரிந்தாலும் இதே தொல்லை. அச்சு விரிசலானால் காசில் மேடாக வரும், பிற்பாடு விழுந்த கீறலானால் பள்ளம். நேர் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பக்க வெளிச்சத்தில் ராஜாவின் மூக்கு எந்தப் பக்கம் நிழலடிக்கிறதோ, கோடும் அந்தப் பக்கமே நிழலடித்தால் அது மேடு.

தராசு விஷயம் வேறு. இவ்வளவு மலிவான பொருளிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ரூபாய் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. 1940-க்கு முந்தையதில் வெள்ளி 91.7 சதவீதம், 1940-இலிருந்து வந்த வெள்ளி ரூபாயில் 50 சதவீதம்தான். எடையோடு நிறுத்தாதீர்கள். தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்கத் தொங்கவிடுங்கள். நல்ல வெள்ளி என்றால் தராசு 1.13 கிராம் காட்டும். பாதி வெள்ளிக் காசுக்கு 1.22 சொச்சம். செம்பில் வெள்ளி முலாம் பூசி எடையைச் சரிக்கட்டியது என்றால் 1.3. காசில் குமிழி ஒட்டினால் எண் ஏறி நல்ல காசையே சந்தேகப்பட வைக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் ஒட்டாது.

ஓரம் கடிபட்ட காசில் மட்டும் தராசு தீர்ப்பு சொல்லாது. வில்லையே (அச்சடிக்கும் முன்பான வெற்று உலோக வட்டம்) குறையாக வெட்டுப்பட்டிருந்தாலும், யாரோ அரத்தால் ராவியிருந்தாலும் எடை குறையத்தான் செய்யும். கடிக்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். வில்லையிலேயே குறை என்றால் அங்கே விளிம்பு மங்கி, சரியாக எழும்பாமல் இருக்கும்.

விலை என்று வந்தால், முன்னே அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்த பிராக்கேஜ்தான் மேலே நிற்கும். ஒரு பக்கம் தலை மேடாகவும், மறுபக்கம் அதே தலை இடவலம் மாறிப் பள்ளமாகவும் இருக்கும். இரண்டு காசைப் பட்டறையின் இறுக்கும் கருவியான வைஸில் வைத்து இறுக்கியும் இதைச் செய்கிறார்கள். அப்படியானால் மேட்டுப் பக்கம் நசுங்கித் தட்டையாகியிருக்கும். அடுத்தது மையம் விலகியது. பாதி விலகியும் வருடம் தெரிந்தால் நல்ல விலை, லேசாக விலகியிருந்தால் ஏதோ கொஞ்சம். தலைமுடி அளவு அச்சு விரிசலுக்கு வெள்ளி விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம். அதாவது 10.69 கிராம் சுத்த வெள்ளியின் அன்றைய விலை, அவ்வளவுதான்.

பிழையே இல்லாததைப் பிழை என்று விற்பதும் உண்டு. 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியிலுள்ள யானை பன்றி மாதிரி தெரிகிறதென்று எதிர்ப்பு வந்து, 1912-இல் திருத்தினார்கள். பெரும்பகுதியை உருக்கிவிட்டதால் அதற்கு மதிப்பு, ஆனால் அது வடிவமைப்புக் கோளாறு. 1862 ரூபாயின் புள்ளிகளும் பிழை இல்லை. அந்த வருடத்தையே போட்டு 1874 வரை அடித்தார்கள், எப்போது அடித்தது என்பதற்கு அடையாளமே அந்தப் புள்ளிகள் என்பார்கள். காசுமாலையிலிருந்து கழற்றிய காசில் பற்றாசு வழிந்த திட்டு இருக்கும். அதையும் "எக்ஸ்ட்ரா மெட்டல் எரர்" என்று நீட்டுகிறார்கள்.

ஆக நண்பருக்கு என் பதில்: தராசை இன்றே வாங்குங்கள், லூப் இன்னும் பாதி விலை குறைந்தாலும் வேண்டாம், விளக்கில்லாத 10 மடங்கு லூப் போதும். பிறகு ஏன் என் சட்டைப் பையில் இன்னும் அதையே வைத்திருக்கிறேன் என்று கேட்டார். மடக்கினால் தீப்பெட்டியைவிடச் சின்னது. விளக்கின் பேட்டரியை மட்டும் கழற்றிவிட்டேன்.