தூள் திரையா, ஊசிப் படிகமா?

ராயபுரத்தில் எக்ஸ்ரே நிலையம் நடத்தும் நண்பர் புது டிடெக்டர், அதாவது கதிரைப் பிடித்துப் படமாக்கும் தட்டு, வாங்கப்போகிறார். அதற்குள் கதிரை ஒளியாக மாற்றும் பொருளுக்கு அவர் முன் இரண்டு தேர்வுகள்: காடோலினியம் ஆக்சிசல்பைடு, சீசியம் அயோடைடு. என் வாக்கு சீசியம் அயோடைடுக்கே.

தூளால் ஆன காடோலினியம் ஆக்சிசல்பைடு திரை மலிவு, உறுதியானது. ஆனால் தூளுக்குள் ஒளி நாலாபுறமும் சிதறும். தடிமனைக் கூட்டினால் படம் மங்கும். சீசியம் அயோடைடோ ஊசி ஊசியாக வளர்ந்த படிகம். ஒவ்வோர் ஊசியும் ஒளியைக் குழாய்போல நேரே கீழிறக்குகிறது. தடிமனைக் கூட்டிக் கதிரை அதிகம் பிடிக்கலாம். கூர்மை பெரிதாகக் கெடாது. குழந்தையின் மார்புப் படத்தைக் குறைந்த கதிரிலேயே எடுத்துவிடலாம். எனக்கு இதுதான் பெரிது.

டிடெக்டரின் திறனை அளக்க, வெளிவரும் சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தின் (பயனுள்ள தகவலுக்கும் அதைக் குழப்பும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) வர்க்கத்தை உள்வரும் விகிதத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள். நுண்விவரம் கூடக்கூட இந்த மதிப்பு இறங்கும். எனவே விற்பவரிடம் ஒற்றை எண்ணை அல்ல, அது எப்படி இறங்குகிறது என்று காட்டும் முழு வளைகோட்டையும் கேளுங்கள்.

ஈரம் சீசியம் அயோடைடுக்கு ஆகாது. கடற்காற்று வீசும் ஊரில் உறையின் அடைப்பை முதலில் பாருங்கள்.